'டக்' என்று மட்டும் ஒலிக்கும் செல்ஃப் மோட்டார்

சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து, எஞ்சின் அசையாமல் நின்றால், பழுது பாதி வழியில் இருக்கிறது என்று பொருள். அந்தச் சத்தத்தை எழுப்புவது செல்ஃப் மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சொலினாய்டு. சத்தம் வந்ததால் சாவி சரி, சாவியிலிருந்து வரும் மெல்லிய வயர் சரி, சொலினாய்டின் சுருளும் சரி. அதற்கு அப்பால் பாய வேண்டிய பெரிய மின்னோட்டம் பாயவில்லை; அல்லது பாய்ந்தும் மோட்டாரால் எஞ்சினைச் சுற்ற முடியவில்லை. 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் இப்படியொரு சத்தத்துக்கு இடமே இல்லை. ஓட்டுநரின் கைக்கும் எஞ்சினுக்கும் நடுவே பாகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த அடுத்த அறுபது ஆண்டுகளில்தான் அது பிறந்தது. அந்தப் பாகங்கள் எந்தக் காரணத்துக்காக, எந்த வரிசையில் வந்தன என்று தெரிந்தவருக்குப் பழுது எங்கே இருக்கும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பெட்ரோல் எஞ்சினுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு: அது தானாகக் கிளம்பாது. கொதிகலனில் அழுத்தம் ஏறிய நீராவி எஞ்சின், வால்வைத் திறந்தால் நகரும். மின்மோட்டார் சுவிட்சைப் போட்டால் சுற்றும். பெட்ரோல் எஞ்சினோ முதலில் காற்றையும் எரிபொருளையும் உள்ளே இழுத்து, அதை அழுத்தி, பிறகுதான் பொறியால் வெடிக்க வைக்க வேண்டும். இழுக்கவும் அழுத்தவும் வேண்டிய முதல் சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது கொடுத்தாக வேண்டும். பென்ஸ் வண்டியில் பின்புறம் படுக்கைவாட்டில் இருந்த பெரிய ஃப்ளைவீலை ஓட்டுநர் கையால் சுழற்றினார். எஞ்சின்கள் பெரிதானதும் அது கைக்கு அடங்காமல் போகவே, முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே ஹேண்டில் செருகிச் சுற்றும் முறை வந்தது. இந்தக் குறையின் விலை சிறியதல்ல. 1900இல் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் பெட்ரோல் கார்கள் 936தான். மற்றவை நீராவியாலும் மின்சாரத்தாலும் ஓடியவை.

ஹேண்டில் போடுவது வெறும் பலத்தால் ஆகும் வேலையல்ல. பொறி விழும் நேரத்தை முன்பின்னாக நகர்த்த ஸ்டியரிங் தண்டில் ஒரு சிறு நெம்பு இருக்கும். ஹேண்டிலைத் தொடும் முன் அதைப் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். மறந்துவிட்டால், பிஸ்டன் மேலே ஏறி முடிப்பதற்குள்ளேயே பொறி விழுந்து, எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். ஹேண்டிலும் அதே வேகத்தில் திரும்பி அடிக்கும். அதனால் பழகியவர்கள் கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைத்தே பிடித்தார்கள். கீழிருந்து மேலாக இழுப்பார்களே தவிர, மேலிருந்து கீழாக அழுத்த மாட்டார்கள். மேலே இழுக்கும்போது எஞ்சின் உதைத்தால் ஹேண்டில் விரல்களைப் பிரித்துக்கொண்டு விலகிப் போகும். கீழே அழுத்தும்போது உதைத்தால் உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். மணிக்கட்டு அருகே ஆர எலும்பின் முனை உடைவதற்கு ஆங்கில மருத்துவ நூல்களில் இன்றும் டிரைவரின் பெயரை வைத்தே ஒரு வழக்குப் பெயர் இருக்கிறது. அந்தக் காயம் அவ்வளவு பேருக்கு வந்திருக்கிறது.

1908இல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில் இந்தச் சடங்கு முழுவதும் தெரியும். ஓட்டுநர் முதலில் பொறி நெம்பை மேலே ஏற்றிப் பின்னுக்கு வைப்பார், எரிபொருள் நெம்பைக் கொஞ்சம் இறக்குவார், கைப்பிரேக்கை இழுத்துவிட்டு முன்னால் வருவார். ரேடியேட்டர் ஓரமாக எட்டிப் பார்க்கும் சோக் கம்பியை இடக்கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஹேண்டிலை இழுப்பார். எஞ்சின் பற்றிக்கொண்டதும் ஓடிப்போய் நெம்புகளைச் சரிசெய்வார். குளிர்காலத்தில் எண்ணெய் இறுகிக் கிளட்ச் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். அப்போது பின்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி வைத்து ஹேண்டில் போட்டவர்களும் உண்டு. இத்தனையையும் செய்ய முடியாத, செய்ய விரும்பாத மனிதர்கள் ஏராளம். மாடல் டி நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஓட்டியது டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்னும் மின்கார்.

ஹேண்டிலை ஒழிக்கப் பலர் முயன்றார்கள். அழுத்தக் காற்றை சிலிண்டருக்குள் விட்டுப் பிஸ்டனைத் தள்ளினார்கள். சுருள்வில்லை முறுக்கி வைத்து விடுவித்தார்கள். அசிட்டிலீன் வாயுவைச் செலுத்திப் பற்றவைத்தார்கள். மின்மோட்டார் என்ற எண்ணமும் புதிதல்ல. இங்கிலாந்தில் டவுசிங் என்பவர் 1896இலேயே ஒரு காரில் மின்மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். அமெரிக்காவில் கிளைட் கோல்மன் 1903இல் மின்சார ஸ்டார்ட்டருக்குக் காப்புரிமை பெற்றார். அவை நடைமுறைக்கு வராததற்குக் காரணம் கணக்குதான். எஞ்சினைச் சுற்ற வேண்டிய விசையை ஓயாமல் தரக்கூடிய மோட்டார் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டார்கள். விடையாக வந்த மோட்டாரும் பேட்டரியும் காரில் ஏற்ற முடியாத பாரமாக இருந்தன.

அந்தக் கேள்வியைத் திருத்திக் கேட்டவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில், கடைகளின் கல்லாப்பெட்டி செய்யும் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் அவர் 1904இல் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை கைப்பிடியைச் சுற்றித் திறந்த கல்லாப்பெட்டியை மின்சாரத்தில் இயக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. பெட்டிக்குள் வைக்கக்கூடிய இடம் மிகக் குறைவு. ஆனால் அந்த மோட்டார் நாள் முழுவதும் ஓட வேண்டியதில்லை. விற்பனை நடக்கும்போது நொடிப்பொழுது ஒரு வலுவான இழுப்பு இழுத்தால் போதும். தாங்கும் அளவைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தைச் சிறு மோட்டாருக்குள் செலுத்தலாம். அது சூடாவதற்குள் வேலை முடிந்து நின்றுவிடும். காரின் எஞ்சினுக்கும் இதே நியாயம் பொருந்தும் என்று கண்டதுதான் கெட்டரிங்கின் பெரிய பங்களிப்பு. அவருடைய மற்ற எந்தக் கண்டுபிடிப்பையும்விட இந்த ஒரு எண்ணமே பெரியது. இன்றைய செல்ஃப் மோட்டாரும் இதே அடிப்படையில்தான் நிற்கிறது. தொடர்ந்து பத்து விநாடிகளுக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, நடுவே ஆறவிட வேண்டும் என்று மெக்கானிக்குகள் எச்சரிப்பதும் இதனால்தான்.

1909இல் கெட்டரிங்கும் எட்வர்ட் டீட்ஸும் டெல்கோ என்று பின்னால் புகழ்பெற்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டீட்ஸ் வீட்டின் பின்னால் இருந்த களஞ்சியக் கொட்டகைதான் தொழிற்கூடம். கேடிலாக்கின் தலைவர் ஹென்றி லேலண்டுக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். அவருடைய நண்பர் பைரன் கார்ட்டர், நடுவழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட்டுக் கொடுத்தபோது, அது திரும்பி அடித்துத் தாடை உடைந்து இறந்தார். அதற்குப் பிறகே லேலண்ட் ஹேண்டிலை ஒழிக்க உறுதி பூண்டார் என்பது கதை. கார்ட்டர் 1908இல் நிமோனியாவில் இறந்தது உண்மை. கேடிலாக்குக்காக கெட்டரிங் வேலையில் இறங்கியதோ 1910இன் பிற்பகுதியில். நடுவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருப்பதால், கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்வதற்கில்லை. லேலண்டின் அக்கறைக்கு அந்த மரணம் தேவைப்பட்டிருக்காது. கை உடைந்தவர்கள் அவரைச் சுற்றி நிறையவே இருந்தார்கள்.

1911 பிப்ரவரியில் கெட்டரிங்கின் ஸ்டார்ட்டர் பொருத்திய கேடிலாக் தயாரானது. 1912 மாடல் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. ஒரே இயந்திரம் மோட்டாராகவும் டைனமோவாகவும் வேலை செய்தது: எஞ்சினைக் கிளப்பும்போது 24 வோல்ட்டில் மோட்டார், கிளம்பிய பிறகு 6 வோல்ட்டில் பேட்டரியை ஏற்றும் டைனமோ. அதே மின்சாரம் விளக்குகளுக்கும் பொறிக்கும் போனது. மின்சாரத்தால் கிளம்பும் கார் என்பதைத் தாண்டி, காரில் மின்சாரம் என்ற ஏற்பாடே அன்றுதான் முழுமை பெற்றது. இதற்காக பிரிட்டனின் டீவர் கோப்பை கேடிலாக்குக்கு இரண்டாம் முறையாகக் கிடைத்தது. கெட்டரிங்கின் காப்புரிமை 1915இல் வழங்கப்பட்டது. மாடல் டி மட்டும் பிடிவாதமாக ஹேண்டிலோடு இருந்தது. 1919இல்தான் அதற்கும் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது.

அடுத்த சிக்கல் பற்களில் இருந்தது. செல்ஃப் மோட்டாரின் முனையில் ஒன்பது பத்துப் பற்கள் கொண்ட சிறு பினியன். ஃப்ளைவீலின் விளிம்பில் நூறுக்கும் மேற்பட்ட பற்கள் கொண்ட ரிங் கியர். எஞ்சினைக் கிளப்பும்போது இரண்டும் சேர வேண்டும், எஞ்சின் கிளம்பிய நொடியே பிரிய வேண்டும். பிரியாவிட்டால் எஞ்சின் மோட்டாரைப் பத்துப் பன்னிரண்டு மடங்கு வேகத்தில் சுழற்றி, ஆர்மேச்சரின் கம்பிகளைப் பிய்த்து எறிந்துவிடும். வின்சென்ட் பெண்டிக்ஸ் என்பவர் 1910களில் இதற்கு மின்சாரமே தேவைப்படாத வழி ஒன்றைக் கண்டார். பினியனை மோட்டார் தண்டில் வெட்டிய திருகு மரைமேல் ஏற்றினார். மோட்டார் திடீரென்று சுழலும்போது பினியன் தன் சடத்துவத்தால் உடனே கூடச் சுழலாமல், மரையின் வழியே முன்னேறி ரிங் கியரில் விழும். எஞ்சின் வேகமெடுத்ததும் அதே மரை வழியே பின்னால் தள்ளப்படும். பழுது பார்ப்பவர்களுக்கு இது தந்த அறிகுறியே வேறு. மரையில் மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்தால் பினியன் நகராது. மோட்டார் மட்டும் 'விர்ர்ர்' என்று தனியாகச் சுற்றும், எஞ்சின் அசையாது. இன்றும் அந்தச் சத்தத்தைக் கேட்டவுடனே 'பெண்டிக்ஸ் போச்சு' என்று மெக்கானிக் சொல்லிவிடுவார். 'டக்' சத்தம் வரும் வண்டியோடு இதைக் குழப்பிக்கொண்டு புது பேட்டரி வாங்கியவர்கள் உண்டு.

தொடக்ககால ஸ்டார்ட்டர்களில் மோட்டாருக்கு மின்சாரம் விடும் வேலையைக் கால் செய்தது. தரையில் இருந்த தடித்த பொத்தானை மிதித்தால், இரண்டு செம்புத் துண்டுகள் நேரடியாகச் சேர்ந்தன. அதில் இரண்டு சங்கடங்கள். கார் செல்ஃப் மோட்டார் ஒன்று எஞ்சினைச் சுற்றும்போது 150 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். தொடங்கும் கணத்தில் அதற்கும் மேல். இவ்வளவு மின்னோட்டம் போகும் பாதையில் 0.01 ஓம் தடை கூடுதலாக இருந்தாலே, 150 ஆம்பியருக்கு 1.5 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிள் விரல் தடிமனில் இருக்க வேண்டும், முடிந்த அளவு குட்டையாகவும் இருக்க வேண்டும். அதை ஓட்டுநரின் காலடிவரை இழுத்துக் கொண்டுவந்து திரும்பக் கொண்டுபோவது வீண். இரண்டாவது சங்கடம், தயங்கித் தயங்கி மிதிக்கும் கால். செம்புத் துண்டுகள் அரைகுறையாகத் தொடும்போதெல்லாம் பொறி பறந்து, அவை கருகின.

தீர்வு தந்தியிலிருந்து வந்தது. சிறு மின்னோட்டம் ஒரு மின்காந்தத்தை இயக்க, அந்தக் காந்தம் பெரிய மின்னோட்டத்தின் சுவிட்சை மூட, கட்டளை இடுபவர் தொலைவில் இருக்கலாம். ஜோசப் ஹென்றி 1830களிலேயே செய்து காட்டிய ரிலே தத்துவம் இது. 1930களில் இது கார்களில் பரவியது. மோட்டாருக்குப் பக்கத்திலேயே சொலினாய்டு உட்கார்ந்துகொண்டது. ஓட்டுநரிடம் மிஞ்சியது ஒரு சிறு பொத்தான். பியூக் கார்களில் ஆக்சிலரேட்டரை மிதித்தாலே செல்ஃப் எடுக்கும் ஏற்பாடும் அந்தப் பத்தாண்டில் வந்தது. 1949இல் கிரைஸ்லர், சாவியைத் திருப்பினாலே கிளம்பும் முறையைக் கொண்டுவந்தது. நாளடைவில் சொலினாய்டுக்கு இரட்டை வேலை கொடுக்கப்பட்டது. அதன் இரும்புத் தண்டு ஒரு முனையில் நெம்பை இழுத்துப் பினியனை ரிங் கியருக்குள் தள்ளும். மறுமுனையில் பெரிய மின்னோட்டத்தின் சுவிட்சை மூடும். பற்கள் சேர்ந்த பிறகே மோட்டார் சுற்றத் தொடங்குவதால் பல் தேய்வது குறைந்தது. 'டக்' என்பது அந்தத் தண்டு இழுபட்டு முட்டும் ஓசை.

பழைய சொலினாய்டு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் பாதிப் பழுதுகள் கண்ணுக்கே தெரியும். மூடிக்குள் ரூபாய் நாணயம் போன்ற செம்புத் தட்டு ஒன்று. அதற்கு எதிரே இரண்டு செம்பு முனைகள், ஒன்று பேட்டரியிலிருந்து, மற்றொன்று மோட்டாருக்கு. தட்டு பாய்ந்து வந்து இரண்டையும் இணைக்கும். ஆயிரக்கணக்கான முறை பொறி பறந்து, முனைகள் கருத்து, ஓரம் அரித்து, ஒன்று தேய்ந்து மற்றொன்று உயரமாக நிற்கும். தட்டு உயர்ந்த முனையை மட்டும் தொட்டு நின்றுவிடும். தண்டு முழுமையாக இழுபட்டிருக்கிறது, சத்தமும் பலமாகக் கேட்கிறது, மோட்டாருக்கு ஒரு துளி மின்சாரம் போகவில்லை. பத்து முறை சாவியைத் திருப்பினால் பதினோராம் முறை தட்டு கொஞ்சம் திரும்பி உட்கார்ந்து வண்டி கிளம்பிவிடும். டொயோட்டா கார்கள் பலவற்றில் வந்த ஜப்பானிய ஸ்டார்ட்டர்களுக்கு இது பேர்போன நோய். இதற்கு மோட்டாரையே மாற்ற வேண்டியதில்லை. செம்பு முனைகளையும் தண்டையும் மாற்றினால் தீரும்.

சுருளிலும் ஒரு நுட்பம் உண்டு. சொலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள்: தண்டை வலுவாக இழுக்கும் சுருள் ஒன்று, இழுத்த இடத்தில் பிடித்து வைக்கும் மெல்லிய சுருள் மற்றொன்று. இழுக்கும் சுருளின் மறுமுனை மோட்டார் வழியாக எர்த் ஆகிறது. செம்புத் தட்டு மூடிய கணத்தில் அந்தச் சுருளின் இரு முனைகளிலும் ஒரே வோல்ட் வந்துவிடுவதால், அது தானாகவே ஓய்ந்துவிடும். பிடிக்கும் சுருள் மட்டும் வேலை செய்யும். பேட்டரி இறங்கியிருந்தால் இங்கேதான் கூத்து நடக்கும். தட்டு மூடியதும் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரை இழுக்கிறது; பேட்டரியின் வோல்ட் சட்டென்று சரிகிறது; பிடிக்கும் சுருளுக்கு வலு போதாமல் தண்டை ஸ்பிரிங் பின்னால் தள்ளிவிடுகிறது. மோட்டாரின் இழுப்பு நின்றதும் வோல்ட் மறுபடி ஏறுகிறது, தண்டு மறுபடி இழுபடுகிறது. ஒரு விநாடிக்குள் இது பல முறை நடக்கும். 'டிக்டிக்டிக்டிக்' என்று படபடக்கும் சத்தம் இதுதான். ஆக, ஒற்றை 'டக்' ஒரு செய்தி, தொடர் 'டிக்டிக்' வேறு செய்தி. முதலாவது பெரும்பாலும் சொலினாய்டின் முனைகளையோ மோட்டாரையோ எஞ்சினையோ காட்டும். இரண்டாவது கிட்டத்தட்ட எப்போதும் பேட்டரியையும் அதன் இணைப்புகளையும் காட்டும். கார்க்காரர் எவருக்கும் இந்த ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொடுத்தாலே வீண்செலவு பாதி குறையும்.

இணைப்புகளின் தடை எவ்வளவு முக்கியம் என்பதை 6 வோல்ட் கால வண்டிகள் கடுமையாகவே கற்பித்தன. அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரட்டிப்பு மின்னோட்டம் வேண்டும்; டெர்மினலில் கொஞ்சம் உப்பு பூத்தாலும் மோட்டார் சோர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அழுத்த விகிதம் கூடிய எஞ்சின்கள் வந்தன. அந்த ஆராய்ச்சிக்கும் தலைமை தாங்கியவர் கெட்டரிங்தான். அந்த எஞ்சின்களைச் சுற்ற 6 வோல்ட் போதவில்லை. 1953இல் கேடிலாக், 1956இல் ஃபோர்டு என்று அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1960களின் பிற்பகுதிவரை 6 வோல்ட்டிலேயே இருந்தது. லாரிகளும் பேருந்துகளும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓடுகின்றன. அவற்றில் ஒரு பேட்டரி மட்டும் செத்துப்போனாலும் வண்டி 'டிக்டிக்' என்றுதான் சொல்லும். இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்க்காமல் இரண்டையும் மாற்றுவது வழக்கமாகிவிட்டது.

பழுது தேடும் கருவிகளும் இதே காலத்தில் வளர்ந்தன. முதலில் இருந்தது ஹைட்ரோமீட்டர்: பேட்டரியின் அமிலத்தை ரப்பர் குமிழால் உறிஞ்சி, மிதவை நிற்கும் உயரத்தைப் பார்ப்பது. முழுதாக ஏறிய பேட்டரியில் அமிலத்தின் ஒப்படர்த்தி 1.265 அளவில் இருக்கும். இறங்க இறங்க அது தண்ணீரின் 1.000ஐ நோக்கிக் குறையும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் குறைவாகக் காட்டினால், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்த பேட்டரி தேறாது. 1923இல் பிரிட்டனில் ஏவோ மீட்டர் வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளந்த அந்தக் கருவி, மெக்கானிக்கின் கையில் மின்சாரத்தைக் கண்ணால் பார்க்கும் வசதியைத் தந்தது. ஆனால் வேலை நடக்காதபோது எடுக்கும் அளவு ஏமாற்றும். ஓய்வில் 12.4 வோல்ட் காட்டும் பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 7க்குச் சரியலாம். செல்ஃப் அடிக்கும்போதும் 9.6க்குக் கீழே போகாமல் நிற்பதுதான் நல்ல பேட்டரி.

மீட்டர் இல்லாதபோது ஹெட்லைட்டே மீட்டர். விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அணைவதுபோல் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் பிடிக்கவில்லை. விளக்கு கொஞ்சமும் மங்காமல் 'டக்' மட்டும் கேட்டால் மோட்டார் மின்சாரத்தை வாங்கவே இல்லை: செம்பு முனை கருகியிருக்கும், அல்லது கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூடேட்டரைத் தொடாமல் இருக்கும். நன்றாக மங்கியும் பேட்டரி நல்லது என்று தெரிந்தால் மோட்டார் இழுக்கிறது, சுற்ற முடியவில்லை: புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசுகிறது, அல்லது எஞ்சினே இறுகிப்போயிருக்கிறது. பிரஷ் தேய்ந்த மோட்டாரைச் சுத்தியலின் பிடியால் லேசாகத் தட்டினால் ஒருமுறை எடுத்துவிடும். வீடு போய்ச் சேர அது உதவும், வைத்தியமாகாது. சொலினாய்டின் இரண்டு பெரிய முனைகளை ஸ்குரூடிரைவரால் சேர்த்துப் பார்ப்பதும் பழைய வழக்கம். பினியன் சேராமல் மோட்டார் மட்டும் சுற்றினால் மோட்டார் நல்லது, உள்ளே இருக்கும் செம்புத் தட்டுதான் பழுது. பேட்டரி முனையை, சாவியின் மெல்லிய வயர் வந்து சேரும் சிறு முனையோடு சேர்த்தாலோ எஞ்சினே கிளம்பும். கியரில் நிற்கும் வண்டி முன்னால் நிற்பவர் மேல் பாயும். இப்படி உயிரும் காலும் போனவர்கள் இருப்பதால், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாராமல் இதில் கை வைக்கக் கூடாது.

இவற்றில் எல்லாம் நுட்பமானது, வழியில் கரையும் வோல்ட்டை அளப்பது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்திலும் மறுமுனையை மோட்டாரின் முனையிலும் வைத்து, ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் படிக்க வேண்டும். பாதை சுத்தமாக இருந்தால் மீட்டர் அரை வோல்ட்டுக்குக் கீழே நிற்கும். அதைத் தாண்டினால் கேபிளிலோ கிளாம்ப்பிலோ சொலினாய்டிலோ தடை இருக்கிறது. எர்த் பக்கத்தையும் இதேபோல் பார்க்க வேண்டும், அங்கே 0.2 வோல்ட்டே அதிகம். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பின்னிய எர்த் பட்டை துருப்பிடித்து அறுந்திருப்பது, யாரும் குனிந்து பார்க்காத இடம் என்பதாலேயே, அடிக்கடி தப்பிவிடும் பழுது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு ஆழமான வேர் உண்டு. டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து விட்ட காலத்திலிருந்து, ஹேண்டில் போட்டுக் கிளப்பும் வண்டிகளே நீண்ட காலம் ஓடின. காலையில் ஹேண்டில் போடுவது கிளீனர் பையனின் முதல் வேலை. 1961இல் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் சேர்ந்து லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னைப் பாடியில் இருக்கும் அதன் ஆலையில் செல்ஃப் மோட்டார்களும் டைனமோக்களும், பின்பு ஆல்டர்னேட்டர்களும் தயாராகி நாடெங்கும் போயின. ஊர்தோறும் முளைத்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் ஆர்மேச்சருக்குக் கம்பி சுற்றுவதும், கம்யூடேட்டரைக் கடைந்து எடுப்பதும், புஷ் அடித்துக் கொடுப்பதும் தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்தன. மேலைநாட்டில் மோட்டாரைத் தூக்கி எறிந்து புதிது போடும் இடத்தில், இங்கே உள்ளே இருக்கும் ஒரு துண்டை மட்டும் மாற்றி ஓட வைத்தார்கள். அந்தத் திறமைக்குக் கிடைக்க வேண்டிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை.

இங்குள்ள வண்டிகளின் எதிரியும் வேறு. டெட்ராய்ட்டில் குளிர் எண்ணெயை இறுக்கி, பேட்டரியின் வலுவைக் குறைத்தது. இங்கே வெயில் பேட்டரியின் தண்ணீரை வற்றவைக்கிறது, உள்ளிருக்கும் ஈயக் கட்டங்களை அரிக்கிறது. சூடேறிய செம்பின் தடையும் கூடும்: 50 டிகிரி செல்சியஸ் ஏறினால் ஏறத்தாழ 20 சதவீதம். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் சொலினாய்டு, காலையில் நன்றாக எடுத்துவிட்டு, நடுப்பகலில் டீக்கடையில் நிறுத்தி எடுக்கும்போது வெறும் 'டக்' என்று நிற்பதற்கு இது ஒரு காரணம். எஞ்சின் ஆறியதும் மறுபடி எடுக்கும். தள்ளு ஸ்டார்ட் இங்கே ஒரு பொதுக்கலையாகவே இருந்தது. பழைய டீசல் லாரி ஓடுவதற்கு பேட்டரியே தேவையில்லை என்பதால், செல்ஃப் எடுக்காத லாரியைச் சரிவில் நிறுத்திவைத்து, மறுநாள் உருளவிட்டு இரண்டாம் கியரில் கிளட்சை விடுவார்கள். தள்ளும்போது சக்கரம் சுற்றாமல் இழுபட்டால் பழுது செல்ஃபில் இல்லை, எஞ்சின் இறுகியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

எஞ்சின் இறுகுவதில் தண்ணீர் புகுவதுதான் கொடியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்ப வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் எச்சரித்தன. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் நின்றால் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்கும்; வெளியே கேட்பது அதே ஒற்றை 'டக்'தான். விடாமல் செல்ஃப் அடித்தாலோ தள்ளினாலோ கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்த நிலையில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுவதே முதல் வேலை.

இருசக்கர வண்டிகளில் செல்ஃப் தாமதமாக வந்தது. இந்தியாவில் 1984இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் அதைப் பரவலாக்கியது. பெரும்பாலான ஸ்கூட்டர், பைக்குகளில் 'டக்' என்பது பினியனைத் தள்ளும் சொலினாய்டு அல்ல. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் ரிலே மட்டுமே. சிறிய பேட்டரி என்பதால் அங்கே முதல் சந்தேகம் எப்போதும் பேட்டரி மேல்தான் விழ வேண்டும். 2020இல் வந்த ஆறாம் தலைமுறை ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் தனி செல்ஃப் மோட்டாரே இல்லை. மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரே, எஞ்சின் தண்டோடு நேரடியாக இணைந்திருந்து, கிளப்பும்போது மோட்டாராகவும் வேலை செய்கிறது. அங்கே பினியனும் இல்லை, ரிங் கியரும் இல்லை. காதால் கேட்டுப் பழுதைச் சொல்லும் வழி அந்த வண்டிகளில் பெருமளவு அடைபட்டுவிட்டதால், மீட்டரை வைத்து பேட்டரியையும் எர்த்தையும் முதலில் அளந்துவிட்டு, பிறகு ஸ்கேனரைச் செருகிக் கோளாறு எண்ணைப் படிக்கிறார்கள்.